பத்து சதவீதம்

ஜூலை முப்பத்தொன்று. தடைக்காலம் நள்ளிரவில் முடிகிறது.
குளச்சலில் விசைப்படகுகள் ஐஸ் ஏற்றுகின்றன.
என் திரையில் பதினேழு பேரின் வேலை
பிரதான கிளைக்கு வெளியே நிற்கிறது.

2.4-ல் அலை உயரம், காற்று, திரும்பும் வழி.
2.5-ல் மற்றதெல்லாம்
என்று முன்பே எழுதி வைத்திருந்தேன்.
‘மற்றதெல்லாம்’ என்ற சொல்லில் வருத்தப்படாத ஆள் இல்லை.

பகலில் கருங்கல் முந்திரி ஆலையில்
உடைத்த கிலோவுக்குக் கூலி கணக்கிடுகிறேன்.
முழுப்பருப்பு, பிளவு, தூள் என்று பிரிக்க
அங்கே சல்லடை உண்டு.
இங்கே நான்தான்.

பறவைப் படம் வைத்திருக்கும் யாரோ ஒருவர்,
எந்த நாடென்று கேட்டதில்லை,
மூன்று வருடம் நான் சகித்த நினைவகக் கசிவை
இரண்டு வரியில் அடைத்துவிட்டு
நன்றிக்குக்கூட நிற்காமல் போனார்.
மதிவாணன் முந்நூறு வரி அனுப்பினார்,
முந்நூறும் காற்புள்ளித் திருத்தம்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் மோதல்.
‘கரண்ட்’ என்று நான் எழுதியிருந்ததை
‘நீவாடு’ ஆக்கினாள் இனயத்து ஷெரின் பெல்சி.
‘நீரோட்டம்’ ஆக்கினார் மதிவாணன், அகராதிச் சான்றோடு.
எதை வைத்துக்கொள்வாய் என்கிறது கணினி.
அதற்குக் கடல் தெரியாது.
எனக்குத் தெரியும். ஆனால் சொற்களுக்குப்
போன திங்களே பூட்டுப் போட்டாயிற்று.
பழையது கிடக்கட்டும், 2.5 என்று குறித்தேன்.

எட்டரைக்குக் கரண்ட் போயிற்று. சாரல்.
அப்போது வந்தது லிடினின் கோரிக்கை,
அவன் வலை இழுக்கும் படகிலிருந்தே:
‘அக்கா, பேட்டரி பத்துக்குக் கீழ போனா
திரும்புற வழி மறைஞ்சு போவுது. மூணு வரிதான். பாருங்க.’

சோதனை நிரல் இல்லை. விளக்கமும் இல்லை.
பூட்டிய பிறகு எதுவும் உள்ளே வராது.
விதி நான் எழுதியது. அதைச் சொல்லித்தான்
போன வருடம் மதிவாணனோடு சண்டை போட்டேன்.

மூன்று வரியையும் என் ஃபோனில் ஏற்றினேன்.
முப்பத்தொரு சதவீதம்.
சோதிக்க ஒரே வழி, அது சாகும்வரை காத்திருப்பது.
டார்ச்சைப் போட்டேன். வெளிச்சத்தைக் கூட்டினேன்.
யாரும் பேசாத ஒரு வீடியோவை ஓடவிட்டேன்.
இருபத்திரண்டு. பதினெட்டு.
லேப்டாப் தன் பங்குக்கு வேறொரு எண்ணில் இறங்கியது.
பதினொன்றில் வெகுநேரம் நின்றது,
ஊருக்குக் கிளம்ப மனமில்லாத விருந்தாளியாக.
பத்து.

ஒன்பது.
கறுத்த திரையில் மெல்லிய பச்சைக் கோடு
இன்னும் துறைமுகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு இணைத்தேன்.
திருத்தத்தில் அவன் பெயர்.
விதியை மீறிய குறிப்பில் என் பெயர்.
மதிவாணனுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும்,
நாளைக்கு.

பன்னிரண்டுக்கு எஞ்சின்களால் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
எத்தனை படகில் 2.4 போகிறது,
எத்தனை படகில் பழசு, தெரியாது.

ஒன்றேகாலுக்கு விளக்கு எரிந்தபோது
முதல் பிழை அறிக்கை காத்திருந்தது. லிடின்:
‘கரண்ட் கூடுதல்னு காட்டுது அக்கா.
கடல்லயா, பேட்டரியிலயா?’