நூற்றிருபது சென்டிமீட்டர்

அமியான் தாண்டிப் பதினாறு கிலோமீட்டர்.
பீட்ரூட் வயல்களின் நடுவே ஒரு தானியக் கிடங்கு.
உள்ளே எண்பது கட்டில்கள்,
ஒன்றிலும் மெத்தை கிடையாது.
சுவரில் சாய்த்த தலைமாடுகள்
பேருந்துக்கு நிற்பவர்கள் போல
ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்னாசி அளவு நாடாவை உருவினார்.
மதாம் துய்காட்டெல் கையசைத்துத் தடுத்தாள்.
"நாடா பொய் சொல்லாது.
பாதிதான் சொல்லும். படுத்துப் பாருங்கள்."
அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக்
குறுக்குப் பலகைகள் மேல் விரித்தாள்.

கோட்டோடு, காலணியோடு,
ஐம்பத்தெட்டு வயதில்
அடுத்தவர் கிடங்கில் அட்டை மேல் கிடந்தோம்.
என் முழங்கை அவர் விலாவில்.
அவர் முழங்காலை மடக்கினார், கால்மாடு இடித்ததால்.

"இது ஒருவருக்கா?"
"இரண்டு பேருக்கு.
அப்போதெல்லாம் பாதி உட்கார்ந்துதான் தூங்குவார்கள்.
நீட்டிப் படுப்பது பிணம் மட்டும்."
உண்மையோ, விற்கிற வாயோ.

துளைகளை எண்ண வேண்டாமாம்.
துளைக்குக் கீழே விரலை வைக்க வேண்டுமாம்.
மாவு ஒட்டினால்
புழு இன்னும் குடியிருக்கிறது.
நான் வைத்துப் பார்த்தேன்.
தூசிதான். காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது.

படகுக் கட்டில் என்றாள் இதை.
நெடுக்காகச் சுவரை ஒட்டிப் போடுவது.
அறையைப் பார்க்கும் பக்கம் வால்நட்,
தேன் வழிந்து உறைந்த மாதிரி ரேகை.
சுவர்ப் பக்கம் வெறும் பலகை.
இழைப்புளி படவில்லை.
யாரோ தச்சன் பென்சிலால் போட்ட
ஒரு கூட்டல் கணக்கு மட்டும்.
பார்க்க யாருமில்லாத இடத்துக்கு எதற்குச் செலவு?

முந்தின வீட்டில் சுவர்ப் பக்கம் என்னுடையது.
இருபத்திரண்டு வருஷம்
ஒருவரைத் தாண்டாமல்
நான் தண்ணீர் குடிக்க எழுந்ததில்லை.
இதை மதாமிடம் சொல்லவில்லை.
இன்னாசியிடமும்.

டார்ச் வெளிச்சத்தில் மூட்டுகளைக் காட்டினாள்.
உளி கீறிய எண்கள்.
தலைமாட்டில் ஒன்று, சட்டத்தில் ஒன்று.
இரண்டுக்கு இரண்டு.
கால்மாட்டில் மூன்று, எதிரே
ரோமன் ஏழு.

அவளே சொன்னாள், மறைக்கவில்லை:
"மரியாஜ். எங்கள் தொழிலில்
இதற்குக் கல்யாணம் என்று பேர்.
இரண்டு கட்டில் தனித்தனியே உடைந்து
மிஞ்சியதை யாரோ சேர்த்திருக்கிறார்கள்.
அதனால்தான் பாதி விலை."

இன்னாசி இருமினார்.
ஏழு மாதத்துக்கு முன்
க்ரேய் நகராட்சியில் கையெழுத்திட்டோம்.
அவருக்கு ஒரு விவாகரத்து,
எனக்கு ஒரு சாவு.
சாட்சிக்கு வந்தவர்கள்
பார்க்கிங் சீட்டு முடிகிறதென்று சீக்கிரம் போனார்கள்.

"பொருந்துமா?" கேட்டது நான்.
"ஒரு மரச்சிம்பு செருகியிருக்கிறது.
குளிரில் முனகும்.
கழன்று விழாது."

முந்நூற்றைம்பது யூரோ.
இன்னாசி முந்நூறு என்றார்.
கல்யாணத்துக்குப் போய் பேரமா
என்று தமிழில் அதட்டினேன்.
மதாமுக்கு என்ன புரிந்ததோ,
இருபது குறைத்தாள்.

நான்கு துண்டாகக் கழற்றி,
போர்வை சுற்றி,
கயிறு போட்டு வேனில் ஏற்றினோம்.
கட்டினால்தான் கட்டில் என்றார் இன்னாசி.
இந்த மாதிரி ஜோக்குகளை
நான் இன்னும் பழகவில்லை.

நான்காம் மாடி. மின்தூக்கி பழுது.
மூன்றாம் திருப்பத்தில் நெடுஞ்சட்டம் மாட்டிக்கொள்ள
மாலியன் பையன் ஒருவன் கதவைத் திறந்து
தன் கூடத்துக்குள் அதன் வாலை விட்டுத் திருப்பித் தந்தான்.

நூற்றிருபதுக்கு நூற்றெண்பத்திரண்டு.
எந்தக் கடையிலும் இல்லாத மெத்தை.
வெட்டித் தைத்து வர மூன்று வாரம்.

சுவரை ஒட்டிப் போடவில்லை.
அறையின் நடுவே,
அம்மணப் பலகை ஜன்னலைப் பார்க்க.
இப்போது யாரும் யாரையும் தாண்ட வேண்டாம்.
இன்னாசி கண்ணாடி போட்டுக்கொண்டு
தச்சனின் கூட்டலைச் சரிபார்த்தார்.
ஒன்று குறைகிறதாம்.

முதல் ராத்திரி, இரண்டு மணி இருக்கும்.
ஏதோ முனகியது.
"நீயா?" என்றார்.
"இல்லை. ஏழாம் நம்பர்" என்றேன்.