இருபத்தேழாம் முளை

மூக்கையூரிலிருந்து கிழக்கே
இருபத்தேழாவது முளை இது.
கருவேலங்கட்டை, தலையில் சிவப்புப் பெயிண்ட்.
முளையிலிருந்து ஈரக்கோடு வரை நாடா பிடிக்கவேண்டும்,
ஆண்டுக்கு இரண்டு தடவை:
வாடை ஓய்ந்ததும் ஒன்று,
கச்சான் அடங்கியதும் ஒன்று.

நம்புவேல் அளவுகோலோடு
இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறான்.
கோலின் எண்கள் மூழ்கி மூழ்கி எழுகின்றன.
"நேராப் பிடி."
"நான் நேராத்தான் நிக்கிறேன் மேடம்,
கடலுதான் சாயுது."

இருபத்தாறில் ஒன்பது மீட்டர் போயிருக்கிறது.
இருபத்தெட்டில் பதினொன்று;
இராவணன் மீசைப் புல் பிடித்து வைத்திருந்த மணல்மேடு இல்லை,
ஒரு பனை வேரைக் காட்டிக்கொண்டு
தண்ணீரில் தலைவைத்துப் படுத்திருக்கிறது.
இருபத்தேழில் மட்டும் மூன்று ஆண்டுகளாக
பதினெட்டு மீட்டர் நாற்பது.
ஒரே ஒருமுறை பதினெட்டு முப்பத்தைந்து.
மறுபடி பதினெட்டு நாற்பது.

விளக்கம் எழுதித் தந்தவள் நான்தான்.
கடலடியில் பாறைத்திட்டு இருக்கலாம்.
பவளம் அலையை உடைக்கலாம்.
நீரோட்டம் இங்கே மணலை இறக்கிவிட்டுப் போகலாம்.
ஒவ்வொரு 'லாம்'மின் அடியிலும்
மேலதிகாரி கோடு போட்டார்.
ஆனாலும் வரைபடத்தில் அந்த இடம்
பச்சையில் ஒரு சொட்டு:
நிலையான கரை.

இந்தமுறை புதுக்கருவி வந்திருக்கிறது.
தட்டு மாதிரித் தலை.
வானத்தில் சுற்றுபவற்றிடம் விசாரித்து
தான் நிற்கும் இடத்தைச் சொல்லும்.
முளைமேல் வைத்துக் காத்திருந்தேன்.
நட்ட நாளின் எண்ணோடு ஒத்துவரவில்லை.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

முளை
வடக்கே பத்தரை மீட்டர்
நடந்திருக்கிறது.

வலையில் காய்ந்த பாசியை உதறிக்கொண்டிருந்த இன்பென்டா
கேட்டதும் மறைக்கவில்லை.
"ஆமா, நான்தான்.
கடலு ஏறுறப்பல்லாம் பிடுங்கி
உள்ள தள்ளி அடிச்சேன்.
ஒங்க கணக்கு கெடக்கூடாதுன்னு
கயிறு வச்சுத்தான் அடிச்சேன்."

கொண்டுவந்து காட்டினாள்.
நீல நைலான். ஒரு முனையில் முடிச்சு,
மறுமுனையில் ஈயக்குண்டு.
நாடாவைப் பக்கத்தில் நீட்டினேன்:
பதினெட்டு நாற்பது.

"அந்த அஞ்சு சென்டி?"
"அன்னிக்குக் காய்ச்ச. கை நடுங்கிருச்சு."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டாம்.
"இருபத்தெட்டுக்காரங்களுக்கு
எண்ணு கொறஞ்ச பெறகுதானே தாளு வந்துச்சு,
ரோட்டுக்கு வடக்க போங்கன்னு.
வடக்க போயி வள்ளத்த எதுல கட்ட?
சீமக்கருவேலத்துலயா?"

முளை இப்போது
அவள் அடுப்படிச் சுவரை ஒட்டி நிற்கிறது.
அதில் ஓர் ஆடு கட்டியிருக்கிறது.
அடி வாங்கி வாங்கித் தலை பிளந்துபோயிருக்கிறது.
எத்தனை தடவை அடித்தாய் என்றேன்.
விரலை மடக்காமலே சொன்னாள்:
சவேரியார் திருநாள் கழிந்த மறுநாள் ராத்திரி ஏழடி,
ஐப்பசி அமாவாசைக்கு மூன்று முழம்,
மூத்தவள் பூப்பெய்திய வாரம்
ஒரே நாளில் இரண்டு தடவை...
மொத்தம் ஒன்பது.

ஆண்டுக்கு இரண்டு தடவை வந்து
பதினெட்டு நாற்பது என்று எழுதிப்போன நான்
அவள் பேசுவதை எழுதிக்கொள்ளத் தாள் தேடினேன்.

"அடுத்த தடவ எங்க அடிப்ப?"
அவள் சுவரைப் பார்த்தாள்.
சுவருக்கு அந்தப்பக்கம்
குழம்பு கொதிக்கிற சத்தம்.

படிவத்தில் தூரத்துக்கு ஒரு கட்டம்.
குறிப்புக்கு ஒரு கட்டம்,
கட்டைவிரல் நகம் அளவு.
பேனாவை மூடிவிட்டுப்
பென்சிலை எடுத்தேன்.
இன்பென்டா எட்டிப் பார்த்தாள்.
ஆடும் பார்த்தது.

"மேடம்," கடலுக்குள்ளிருந்து நம்புவேல்,
"எண்ணு சொல்றீகளா இல்லையா?
தண்ணி நெஞ்சுக்கு வந்துருச்சு."