ஒரே குடுக்கை

நெற்றியில் பூசிய சாம்பல்
படகுத்துறை வருவதற்குள் மழையில் கரைந்துவிட்டது.
சிலோயேத் தீவில் அப்படித்தான்.
எந்த அடையாளமும் மாலைவரை தாங்காது.

அன்றே சொல்லிவிட்டேன்:
பாஸ்கா வரைக்கும் மாத்தேயில் சர்க்கரை கிடையாது.
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெலார்மினோ
தலை நிமிராமல் கேட்டான்:
"யாருக்கு?"
"எனக்கு."

அது எத்தனை அசட்டுப் பதில் என்று
கெண்டியில் தண்ணீர் முனகும்போதுதான் உறைத்தது.
மாத்தேக்கு இங்கே ஆளுக்கொரு கோப்பை இல்லை.
ஒரு சுரைக்குடுக்கை, கசக்கும் இலை,
ஒரே ஒரு உறிஞ்சுகுழல்,
கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும்.
நான் வாய் வைத்த இடத்தில் அடுத்தவர் வாய்.
என் நோன்பு
அவன் நாக்கிலும் கசக்கும்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மூழ்கி மட்டி எடுப்பவன்.
கடல் சிவந்து, மட்டியெல்லாம் நஞ்சென்று அறிவித்து
அப்போதே மூன்று வாரம்.
அவன் ரப்பர் உடை கொட்டகை ஆணியில்
தலையில்லாத விருந்தாளி போலத் தொங்கியது.
மோசேக்குச் செங்கடல் பிளந்தது.
எங்கள் கடல் சிவந்தால் பிளப்பதில்லை,
பூட்டிக்கொள்கிறது.

"பறிபோனது வேறு, நாமாக விட்டது வேறு"
பிரசங்கத்தில் சொன்னார் சுவாமியார்.
உண்மைதான்.
ஆனால் காலிப் பெட்டியின் முன் நிற்கிறவனுக்கு
இரண்டும் ஒரே எடை.

பதினேழாம் நாள் பக்கத்து வீட்டு எடெல்மிரா வந்தாள்,
வாளி நிறைய ஆப்பிளோடு.
(வடக்கே வசந்தமாம் தவக்காலத்தில்.
எங்களுக்கு அது பழம் உதிரும் காலம்.)
அவள் பெந்தெகொஸ்தே சபை.
முதல் மடக்கிலேயே முகம் சுளித்தாள்.

"எங்கே எழுதியிருக்கு, சொல்லு!
பவுல் எழுதினாரா, பேதுரு எழுதினாரா?
சிலுவையில் தீர்த்த கடனுக்கு
நீ சர்க்கரையில் வட்டி கட்டுகிறாயா?"

வட்டி இல்லை என்றேன்.
வேறு என்னவென்று சொல்லத் தெரியவில்லை.
சால்மன் ஆலைக்குக் கிளம்பும் விடியல் இருட்டில்
கை தானாகப் போய்
சர்க்கரை டப்பாவில் முட்டி நிற்கும்.
அந்த ஒரு நொடி,
யாரோ என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு
ஒன்றும் பேசாமல் வாசலில் நிற்பது போல.
வேறெந்த நேரத்திலும் அது எனக்கு நேர்வதில்லை,
கோயிலில்கூட.

"சரி, உன் நொடி உனக்கு.
என் நாக்கு என்ன பாவம் செய்தது?"

சிரித்துவிட்டேன்.
டப்பாவைத் திறந்து
இரண்டு கரண்டி, தாராளமாகவே போட்டேன்.
அவள் குடித்தாள்.
குடுக்கை பெலார்மினோவிடம் போனது.
ஒரு மடக்கு.
"சர்க்கரை" என்றான்.
ஆறு வாரத்தில் முதல் தடவையாக
கடலைப் பற்றி அல்லாத ஒரு வார்த்தை.

பிறகு என் முறை.
இலையில் இனிப்பு ஊறியிருந்தது.
"நன்றி" என்று சொல்லியிருக்கலாம்.
மாத்தே வட்டத்தில் நன்றி என்றால்
எனக்குப் போதும், நான் எழுந்துகொள்கிறேன் என்று பொருள்.
ஒரு சொல்லில் நோன்பு பிழைத்திருக்கும்.
இருவரும் என்னையே பார்த்தார்கள்.
மழை தகரக்கூரையில் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

குடித்தேன்.
வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக இருந்தது.
முறித்தேனா, காத்தேனா
யாரிடமும் கேட்கவில்லை.
எடெல்மிராவும் வெற்றிக்கொடி ஏற்றவில்லை.
வாளியை மறந்துவிட்டுப் போனாள்,
அல்லது மறந்தது போல.

மறுநாள் விடியுமுன்
பெலார்மினோ தூங்கிக்கொண்டிருந்தான்.
கெண்டி முனகியது.
இருட்டில் என் கை
டப்பாவில் முட்டி
நின்றது.

பதினெட்டு.