நாற்பத்தொரு கையெழுத்து

கொணவட்டத்தில் ராத்திரி ஷிஃப்ட்.
உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருநூறு டின்கள்
மெல்ல வெளுத்துக்கொண்டிருக்கின்றன.
அமோனியா வாசனை என் சட்டையை விட்டுப் போவதில்லை.
பியூலா அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை,
அவள் மேல் எப்போதும் டீசல்.

பங்குனியிலேயே நூற்று நாலு டிகிரி.
மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று
எங்கள் ஊரைக் கேலி பேசும் பட்டியலில்
கடலில்லாத கப்பல்காரி என்று
இவளையும் சேர்த்துவிட்டார்கள் சர்ச்சில்.
"பென்குயினுக்கா சண்டை போடப் போயிருக்கா?"
ஆமாம் என்கிறேன். கூனிக்கும்.
கூனியா!

கூனிதான்.
மீன் மார்க்கெட்டில் கைப்பிடி கைப்பிடியாய் அள்ளிக் கொடுக்கிறார்களே,
கத்தரிக்காயோடு போடுவோமே,
அதன் தூரத்துச் சொந்தம்.
திமிங்கலத்தின் சோறு.
ஊரளவு வலை விரித்து அதை வாரிப்போகும் கப்பலுக்கு முன்னால்
ரப்பர் படகில் நாலு பேர்.
மோட்டாரைப் பிடித்திருந்தது இவள்.
மேலிருந்து குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார்களாம்.
"மேல படறதுக்குள்ள கல்லாயிடுது" என்றாள்.
சேட்டிலைட் போனில் ஒவ்வொரு சொல்லும்
எங்கோ நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.
"ரெண்டு விரல் மரத்துப் போச்சு.
அங்க ஐஸ் பார் என்ன விலை?"
விலையைச் சொன்னேன்.
அதற்கு மேல் என்ன பேசுவது, சொல்லுங்கள்.

அவள் அனுப்பிய மனுவை பிரிண்ட் எடுத்து
பில் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தேன்.
மீன்கார மகபூப் பாஷா போட்டார்.
கரும்பு ஜூஸ் தணிகைவேல் போட்டான்.
பிணவண்டி ஓட்டும் ஏகாம்பரம் படிக்காமலே போட்டுவிட்டு
"ரெண்டு பார் சீக்கிரம் ஏத்துப்பா" என்றார்.
எல்லார் கையும் ஈரம்.
மை பரவி
நாற்பத்தொரு பேரில் பாதிப்பேர்
நீலத் திட்டாகிவிட்டார்கள்.

நேற்று ஒரு சத்தம் அனுப்பியிருந்தாள்.
மிதந்து வந்த பனித்துண்டு ஒன்றை
டம்ளர் தண்ணீரில் போட்டுப் பதிவு செய்தது.
கம்ப்ரசர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டரை உடனே போட வேண்டும்,
முதலாளி நேரம் பார்ப்பார்.
போடவில்லை.
இருட்டில் போனைக் காதோடு வைத்தேன்.
பொடிப்பொடியாய் என்னவோ விட்டுக்கொடுத்தது,
தூக்கத்தில் ஒருத்தி உதடு பிரிப்பது போல.
ஒவ்வொரு குமிழியும் பழைய காற்றாம்,
நம் கோட்டைக்குக் கல் சுமப்பதற்கு முன்பே
அடைபட்டதாம்.
நாலு நிமிஷம் கேட்டிருப்பேன்.
தொட்டி மூலையில் ஒரு டின் சிணுங்கியது.

போய் ஜெனரேட்டரைப் போட்டேன்.
புகை தகரக் கூரையைத் தாண்டிப் போனது,
தெற்கேயா என்று தெரியவில்லை, அத்தனை இருட்டு.
விடிந்ததும்
மனுவை வெயிலில் காயவைக்க வேண்டும்.