வாழிடம்

காலை ஆறேகால். கொழும்பு விமானம் இறங்க
இன்னும் பன்னிரண்டு நிமிஷம்.
ஜீப்பில் நானும் சோணைமுத்துவும்
ஒரு பெட்டி அணுகுண்டு வெடியும்.
சிவகாசிச் சரக்கு. டெண்டரில் வந்தது.
வானத்தைக் காலி செய்வது எங்கள் உத்தியோகம்.

சாமநத்தம் கண்மாய்ப் பக்கம்
கருவேலங்காடு கொதிக்கத் தொடங்குகிறது.
முதலில் சந்தை கூடும் இரைச்சல்,
பிறகு மிச்சமிருந்த இருட்டெல்லாம் மரத்தை விட்டுக் கிளம்பி
ஆகாயத்தில் ஒருமுறை புரண்டு படுக்கிறது.
சூறைக்குருவி என்கிறது பதிவேடு.
சோணைக்கு அது சோளக்குருவி.
கள்ளிக்குடியில் கதிர் பால் பிடித்த சேதி
அதற்கு யார் சொன்னது என்று
தை பிறந்தால் திட்டுவான்.

நேற்று ஒன்று விமான மூக்கில் அடிபட்டு விழுந்தது.
கருந்தலை, இளஞ்சிவப்பு முதுகு,
உள்ளங்கையில் கொஞ்சம் சில்லறையின் கனம்.
படிவத்தில் 'வாழிடம்' என்று ஒரு கட்டம்,
விரல் அகலம்தான்.

எதை எழுத?
கசகஸ்தான் புல்வெளியில்
வெட்டுக்கிளி பெருகிய கோடையில்
கற்குவியல் இடுக்கில் பொரிந்தது.
கடலைப் போய்ச் சேராத ஆமு தாரியா,
ஆப்கன் மொட்டை மலைகள்,
சிந்துவில் ஒரு வாய்த் தண்ணீர்
(எந்தக் கரையில் குடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை),
கட்ச் உப்பு, நர்மதை, தக்காணத்துப் பருத்திக்காடு,
யானைமலை தெரிந்ததும் இறக்கம்.
அடைந்த மரமோ
மெக்சிகோ பக்கமிருந்து வந்த சீமைக்கருவேலம்.
யோசித்தால் இந்த ஊரில்
வெளியூர் வாடை இல்லாதது வைகை ஒன்றுதான்.
அதுவும் பாதி வருஷம் ஊரில் இருப்பதில்லை.

'உள்ளூர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
இரைப்பையில் கிடந்த
பதினோரு மணி சோளம் சாட்சி.

வயர்லெஸ்ஸில் சைக்கியா சார்.
ஜோர்ஹாட்காரர். அவர் தமிழில் எல்லாமே கேள்வி.
"ரன்வே காலியா?"
"ஒரு நிமிஷம் சார்."

முதல் தீக்குச்சி காற்றில் அணைந்தது.
இரண்டாவதும்.
வடக்கேயிருந்து வருகிற வாடை,
இவற்றைத் தள்ளிக்கொண்டு வந்த அதே வாடை,
சோணையின் கைக்குள் புகுந்து ஊதியது.
மூன்றாவதில் திரி பிடித்தது.

கூட்டம் சிதறி, கிழிந்து,
அவனியாபுரம் மேலே மறுபடி ஒட்டிக்கொண்டது.
"காலி சார்" என்றேன்.
விமானம் இறங்கியது,
கையில் பாஸ்போர்ட்டோடு நூறு பேர்.

"சித்திரையில் இதுகளே போயிருமே" என்றான் சோணை,
"மிஞ்சுற வெடியைத் திருவிழாவுக்குக் கொண்டு போகவா?"
எண்ணி உள்ளே வைக்கச் சொன்னேன்.
ஆவணியில் வேணும்.