நிமிடத்துக்கு இரண்டு

பகாவிலிருந்து பதினொரு கிலோமீட்டர்.
செம்பனைக்கு நடுவே நான்காம் ஆண்டு, பதினேழு பேர்.
பள்ளி இணையம் பத்து மணிக்கே படுத்துவிட்டதால்
என் கைப்பேசி டேட்டாவில் ஓடுகிறது
திமிங்கிலத்தின் இதயம்.

ஓடுகிறதா?
திரை நடுவே வெள்ளை வட்டம் சுற்றுகிறது.
பொரித்த கோழி விளம்பரம் மட்டும்
ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை.
யுகனேஸ்வரனுக்கு அது மனப்பாடம்,
எலும்பைக் கடிக்கும் சத்தம் உட்பட.

மூலை உடைந்த டேப்லெட்டை
ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டுகிறாள் துர்காஷினி:
"டீச்சர், இங்க ரெண்டு கோடு!"
குலை ஏற்றிய லாரி கடந்து போகிறது.
"இப்ப ஒண்ணு."

ஒருவழியாகத் திமிங்கிலம் வந்தது.
"அதன் இதயம் ஒரு சின்னக் கார் அளவு" என்றது குரல்.
திரையில் எது வந்தாலும் உரக்க வாசிக்க வேண்டும்;
பழக்கியவள் நான்தான்.
திரையின் மேலிருந்து இறங்கியது என் தம்பியின் செய்தி.
பதினேழு பேரும் வாசித்தார்கள்,
ழகரம் பிசகாமல்:
"அக்கா, கார் தவணை மூணு மாசம் பாக்கி.
இழுத்துட்டுப் போயிடுவானுங்க."

யாரும் சிரிக்கவில்லை.
பின் வரிசையில் லிவானேஷ் மட்டும்
ஷூவைப் பார்த்தபடி சொன்னான்:
"எங்க மோட்டார ராத்திரியில வந்து எடுத்தாங்க, டீச்சர்."

அதற்குள் திமிங்கிலம் ஆழத்துக்குப் போயிருந்தது.
அங்கே நிமிடத்துக்கு இரண்டே துடிப்பாம்.
ஒன்று கேட்டது.
மின்விசிறிக்குக் கீழே
அடுத்ததற்குக் காத்திருந்தோம்.
லைன் போய்விட்டதா என்று
ஒருவரும் கேட்கவில்லை.