கோட்டைவாசல் தாண்டாத பில்

காலை ஏழு பத்துக்கு அலியார் போன் பண்ணினான்.
"புளியரையில நிக்கேன் லாத்தா, பில் இன்னும் வரல."
அவனுக்குப் பின்னால் ஆரன் சத்தம்.
வண்டியில் வைக்கோல், கரண்ட் கம்பியைத் தொடும் உயரம்.
மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு மாட்டுப்பண்ணைகள்
அதை எதிர்பார்த்துத் தொட்டியைக் கழுவி வைத்திருக்கும்.

'அனுப்பு' என்பதை ஒன்பது தடவை அழுத்தியிருந்தேன்.
திரை நடுவே ஒரு வட்டம்
செக்கில் கட்டின மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது,
எண்ணெய் மட்டும் இறங்கவில்லை.

எங்கள் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஃபயர்வால்.
வாங்கும்போதே கூட வந்த ஒன்றும் உண்டு,
சும்மா வந்ததை யார் கணக்கில் வைக்கிறார்கள்?
முதலாவது இவர் தென்காசியில் வாங்கியது.
வருடத்துக்கு ஆயிரத்து நூறு, அட்டையில் கேடயம் படம்.
இரண்டாவது கொழுந்தன் நவ்ஷாத்
புனலூரிலிருந்து பெருநாளுக்கு வந்தபோது
தம் போட்ட சட்டி திறக்கும் முன்னால்
போட்டுவிட்டுப் போனது.
"ஒண்ணுக்கு ரெண்டு இருக்கட்டும் மைனி.
ஒண்ணு தூங்கினாலும் ஒண்ணு முழிச்சிருக்கும்."

இரண்டுமே முழித்திருந்தன.
அதுதான் வினை.

ஒன்று கேட்கும்: இதை வெளியே விடலாமா?
விடு என்பேன்.
உடனே மற்றது கேட்கும்:
விடலாமா என்று ஒருவன் கேட்கிறானே, அவனை விடலாமா?

எனக்கு இது புதிதில்லை.
பதினோரு வருடமாக இந்த ரோட்டுக்கு பில் போடுகிறேன்.
புளியரையில் அவிழ்த்த தார்ப்பாயை
முழுசாகக் கட்டி முடிப்பதற்குள்
ஆரியங்காவில் மறுபடி அவிழ்க்கச் சொல்வார்கள்.
ஆனாலும் அந்த இரண்டுக்கும் நடுவில்
கோட்டைவாசல் இருக்கிறது, வளைவுகள் இருக்கின்றன,
டிரைவர் இறங்கி ஒரு கட்டன் குடிக்க இடமிருக்கிறது.
இங்கே இரண்டு பேரும்
ஒரே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்,
ஒருவன் தூக்க
ஒருவன் அமுக்க.

உள்ளே போய்க் குறிப்பைத் திறந்து பார்த்தேன்.
நேற்று ராத்திரி மட்டும்
நானூற்றுப் பதினாறு சந்தேகம்.
அத்தனையும் ஒன்றுமேல் ஒன்று.
இவன் அவனைத் திருடன் என்று எழுதியிருக்கிறான்,
அவன் இவனை.
நேரம், நொடி, வாசல் நம்பர் எல்லாம் சுத்தமாக.
வெளியாள் பேர்
ஒன்றுகூட இல்லை.

அலியார் மறுபடி கூப்பிட்டான்.
"மழை வருது லாத்தா."
நனைந்த வைக்கோலை எந்தப் பண்ணை எடுக்கும்?

ஒன்றைக் கழற்ற வேண்டும்.
எதை?
இவர் கொடுத்த காசில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி.
நவ்ஷாத் போட்டதற்குக் காசில்லை,
அதனால்தான் அதைத் தொடக் கூச்சம்.

'நிச்சயமாகவா?' என்றது கழற்றப்போவது.
'உங்கள் பாதுகாப்பு குறையும்.'
ஆம்.
பக்கத்தில் இருந்தது விடவில்லை:
'இந்தச் செயலைச் செய்பவரை நம்பலாமா?'
யாரைக் கேட்கிறது என்று
ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
என்னைத்தான்.
என்னைப் பற்றி என்னிடமே.
நம்பலாம் என்று அழுத்தும்போது
விரல் கொஞ்சம் தயங்கியது.

அணைத்துப் போட்டேன். பில் நாலு நொடியில் போனது.
"வந்துட்டு வந்துட்டு" என்றான் அலியார்,
கியர் விழும் சத்தத்தோடு.

சாயங்காலம் நவ்ஷாத் போன்.
"நான் போட்டது ஓடுதா மைனி?"
ஓடுது என்றேன்.
ராத்திரி இவர் சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டே
"நம்ம கேடயம் நிக்குதா?" என்றார்.
நிக்குது.

இரண்டில் ஒன்று நிஜம்.
மற்றதை மடக்கிக் கேட்க
இன்னொன்று இருந்தது,
காலைவரைக்கும்.